புல்தரை வட்டையும் மரம் இலக்கம் ஒன்றும்

ஓர் அரச அலுவலகத்தின் முகப்பில் புல் இருக்கலாம், களை இருக்கக் கூடாது. இந்தக் கொள்கையோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டையெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததோடுதான்.

அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வதிவிடச் சான்றிதழ் இன்னும் பிந்தும். வாவிக்கரையில் எங்கேயோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு அடுத்த ஒழுங்கை. அலுவலக யன்னலால் எட்டிப் பார்த்தால் எங்கள் உடுப்புக் கொடி தெரியும். இருந்தாலும் நான் அங்கேதான் வசிக்கிறேன் என்பதற்கு அவர்களுக்கு அத்தாட்சி வேண்டும். ஓ.எல். சோதனை எழுதிவிட்டுப் பள்ளியை விட்டவளுக்கு அவர்கள் கேட்கிறதைக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆகவே நான் அங்கே அடிக்கடி இருந்தேன். விறாந்தையில் இருந்தால் உள்ளே பேசுவது முழுக்கக் கேட்கும். எங்கள் பெயரைக் கூப்பிடுவது மட்டும்தான் கேட்காது.

அலுவலகத்தின் முன்னால் கால் ஏக்கர் முற்றம். நடுவில் கொடிக்கம்பம். மதிலோரம் ஒரு பெரிய வாகை. கட்டடத்தைத் திறந்து வைத்தது யார் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. மரத்தை யார் நட்டார் என்று எங்கும் இல்லை, ஏனென்றால் கட்டடம் வர முந்தியே மரம் அங்கே நின்றது. பதிவேட்டில் அதன் பெயர் 'மரம் இல. 1'. இல. 2 என்று ஒன்று கிடையாது.

மரத்தில் பாதி மதிலுக்கு உள்ளே. மறுபாதி மதிலுக்கு வெளியே, பேர்சி அங்கிளின் தலைக்கு மேலே. பேர்சி அங்கிள் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். அவருடைய கராஜுக்குச் சுவர் இல்லை, கதவு இல்லை, கூரையும் இல்லை. ஒரு சாமான் பெட்டி, இருக்க ஒரு வாங்கு, மேலே வாகை. முந்தி ஒரு தகரக் கடையில் இருந்து பார்த்தாராம். பகல் பதினொரு மணிக்கு மேல் ஒரு ஸ்பனரைக் கையால் தொட ஏலாதாம். நெஞ்சு வருத்தம் ஒரு தடவை வந்துபோன ஆள் அவர்.

"இந்த மரம் இருக்கிற மட்டும்தான் மகள் எனக்குத் தொழில்" என்று சொல்லுவார். அது சும்மா பேச்சில்லை.

மதிலுக்கு உள்பக்க நிழல் எங்களுடையது. எங்களுடையது என்றால், காத்திருக்கிற சனத்துடையது. காலை எட்டரைக்கு வந்து புல்லில் இருந்தால் ஒரு மணிக்கு எழும்பலாம். வேலை முடிந்து அல்ல. அவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இப்படிப் பல வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதாவது ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு நிலோஜன் சேர் வந்தார். புது நிருவாக உத்தியோகத்தர். முப்பது வயது, கூர்ச் சப்பாத்து. வந்த மாதமே கொழும்பில் ஒரு ஹோட்டலுக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். பயிற்சியின் தலைப்பு 'மக்கள் நேய நிருவாகம்'. அவர் அங்கிருந்து கொண்டுவந்தது ஹோட்டல் புல்தரையின் நாற்பது படங்கள். ஒவ்வொரு படத்திலும் பின்னால் புல், முன்னால் சேர்.

"பாருங்க மிஸ், ஒரு களை இருக்கா?" என்று ஃபோனை நஸீபா மிஸ்ஸிடம் நீட்டினார்.

நஸீபா மிஸ் பதினொரு வருஷமாக யன்னலோர மேசையில் இருக்கிற முகாமைத்துவ உதவியாளர். நாற்பது படத்தையும் பொறுமையாகத் தள்ளிப் பார்த்தார்.

"சனமும் இல்ல சேர்" என்றார்.

"அதான்!" என்றார் சேர்.

அடுத்த கிழமையே 'பசுமை அலுவலகம்' போட்டிக்கு விண்ணப்பம் போனது. மலேசியப் புல் துண்டு துண்டாக வந்து இறங்கியது. சுற்றிவர மஞ்சள் கயிறு. ஒரு பலகை: 'பொதுமக்களின் நலன் கருதி, பொதுமக்கள் புல்தரையில் அமர்வது முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.' எங்களுக்கு விறாந்தையில் நீலப் பிளாஸ்டிக் கதிரையும் கையில் ஓர் இலக்கத் துண்டும் தந்தார்கள். ஒரு மெஷின் 'டிங்' என்று கூப்பிடும். பொய் சொல்லக் கூடாது, வேலை சுறுக்காக நடந்தது. இருபது நிமிஷத்தில் என் சான்றிதழ் கையில் வந்தது. ஆறு மாதம் செல்லுபடியாகும். நான் சேர இருந்த குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற பயிற்சி ஏழாம் மாதம் தொடங்கும் என்று அறிவித்தார்கள். ஆகவே மறுபடியும் வந்தேன்.

இரண்டு மாதத்தில் அந்தப் புல்தரையில் புல்லைத் தவிர மற்றதெல்லாம் வளர்ந்தது. கோரை வந்தது. தொட்டாச்சிணுங்கி வந்தது. நெருஞ்சி வந்து சேரின் கூர்ச் சப்பாத்தில் ஏறியது.

சேர் உடனடி நடவடிக்கை எடுத்தார். சுற்றறிக்கை தேடச் சொன்னார். புல்தரைக் களை பற்றி ஒரு சுற்றறிக்கையும் இல்லை. 'களை' என்ற சொல் இருந்த ஃபைல், அதாவது கோவை, அலுமாரியில் ஒன்றே ஒன்றுதான். அது நெற்செய்கைக் கோவை.

"இதில என்ன போட்டிருக்கு?"

"வட்டையில களை வந்தா, போகம் தொடங்க முந்திக் கூட்டம் வைக்கணும் சேர். மாடு கட்டுற திகதி, விதைக்கிற திகதி, களையெடுக்கிற முறை எல்லாம் கூட்டத்திலதான் தீர்மானிக்கணும். மேற்பார்வைக்கு ஒரு வட்டை விதானையத் தெரிவு செய்யணும்."

"அப்ப செய்வம்."

"வட்டை எண்டா வயல்வெளி சேர். இது முத்தத்துப் புல்லு."

"நெல்லும் ஒரு புல்லுத்தானே மிஸ்?"

நஸீபா மிஸ் பேனையை எடுத்தார். அந்த நிமிஷத்தில் இருந்து எங்கள் அலுவலக முற்றம் எழுத்தில் 'புல்தரை வட்டை' ஆகியது.

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை கூட்டம். அன்று விறாந்தையில் இருந்த முப்பத்தொரு பேரும் கோவையின்படி விவசாயிகள். நான் ஒரு விவசாயி. பிறப்புப் பதிவுக்கு வந்த ஒரு கைக்குழந்தையும் விவசாயி. மாடுகளைக் கட்டும் திகதி சித்திரை முதலாந் திகதி என்று தீர்மானமாகியது. மாடு கொண்டு வந்தவர் எவருமில்லை என்று குறிப்பெடுக்கப்பட்டது.

"வட்டை விதானைப் பதவிக்கு யார் விருப்பம்?" என்று சேர் கேட்டார்.

ஒருவர் கை உயர்த்தினார். பெயர் வினாயகமூர்த்தி. யானை மிதித்த வயலுக்கு நட்டஈடு கேட்டு, வாவியைக் கடந்து படுவான்கரையில் இருந்து வந்தவர். மலசலகூடம் எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் கையை உயர்த்தினார். ஏகமனதாகத் தெரிவானார். இதில் விசேஷம் என்னவென்றால், அவர் தன் ஊரில் உண்மையாகவே இருபத்திரண்டு வருஷமாக வட்டை விதானை.

"எங்கட பக்கம் ஏக்கருக்கு இவ்வளவு நெல்லெண்டு விதானைக்கு அளந்து குடுப்பாங்க" என்றார் அவர். "இஞ்ச என்ன தருவீங்க?"

"விளைச்சலில பங்கு" என்றார் சேர்.

வினாயகமூர்த்தி ஐயா புல்லைப் பார்த்தார். "வீட்டில ரெண்டு பசு நிக்கிது. சரி."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வட்டைக்குள் இறங்கினார். பெரிய வட்டையில் எப்படி நடப்பாரோ அப்படியே நடந்தார். இரண்டு நிமிஷத்தில் நடந்து முடிந்தது. குனிந்து விரலால் மண்ணைக் கிண்டினார். சேர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த களைநாசினிப் போத்தலைக் காட்டினார்.

"சேர், மருந்து வேணாம். நீங்க சொல்லுற மருந்து புல்ல விட்டிட்டு மத்தச் செடியெல்லாத்தையும் சாக்காட்டும். இந்த வாகைக்கும் அது நஞ்சுதான். மண்ணில இறங்கினா வேரால மேல ஏறும்."

"மரம் களையா?"

"இல்ல."

"போத்தலில 'களைகளுக்கு' எண்டுதான் போட்டிருக்கு."

"வேருக்கு அத வாசிக்கத் தெரியாதே சேர்."

சேர் யோசித்தார். அவர் மோசமான ஆள் இல்லை. மரத்தைப் பாதுகாக்கிற கடமையும் தனக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "அப்ப மரத்தில இருந்து எவ்வளவு தூரம் விட்டு அடிக்கணும்?"

"கொப்பு எங்க முடியுதோ, அதுக்கும் அங்கால வேர் போயிருக்கும். இந்த முத்தம் முழுக்க வேர்தான்."

"அப்பிடிப் பாத்தா எங்கயும் அடிக்க ஏலாதே."

"அதத்தான் சொல்லுறன்."

நிருவாகத்தில் இப்படியான பதிலுக்கு இடமில்லை. அடிமரத்தில் இருந்து மூன்று அடி அளந்து, சுண்ணாம்பால் சுற்றிக் கோடு போடுவித்தார் சேர். அதற்கும் ஒரு பலகை: 'மரம் இல. 1 இன் எல்லை. வேர்கள் இவ்வெல்லைக்கு உட்பட்டவை.'

பேர்சி அங்கிள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மிஸ்டர் நிலோஜன், வேர் என்ட பக்கமும் வந்திருக்கு. என்ட வாங்குட ஒரு கால் வேருக்கு மேலதான் நிக்குது."

"அப்ப அது அனுமதியில்லாமப் போயிருக்கு. எழுத்தில தாங்க."

எழுத்தில் கொடுத்தார். மருந்து அடித்தால் மரம் சாகும், மரம் செத்தால் என் தொழிலும் போய்விடும் என்று இரண்டே வரி. பதில் பதினான்காம் நாள் வந்தது. 'மேற்படி மரத்தின் அடி எமது எல்லைக்குள் உள்ளது. தாங்கள் குறிப்பிடும் நிழல் எமது எல்லைக்கு வெளியே விழுவதால், அது தொடர்பில் வீதிக்குப் பொறுப்பான திணைக்களத்தை அணுகவும்.'

"நிழலுக்கு றோட்டுக்காரரிட்டப் போகட்டாம்" என்று என்னிடம் காட்டிச் சிரித்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த போது சிரிக்கவில்லை.

மருந்தடிக்க விதானை மறுத்தார். விதானை மறுத்தால் என்ன செய்வது என்று கோவையில் இல்லை. ஆகவே அவர் மறுக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். வெளியில் இருந்து ஓர் ஆள் மருந்து டாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். போட்டித் திகதி கிட்டியபடியால் போத்தலில் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு கலந்தார்கள். அன்று பின்னேரமே ஒரு சித்திரை இடிமழை. காலையில் பார்த்தால் சுண்ணாம்புக் கோடு கரைந்து போயிருந்தது. கோட்டைத் திரும்பப் போட உத்தரவு வந்தது. மருந்து எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

தொட்டாச்சிணுங்கி செத்தது. நெருஞ்சி செத்தது. கோரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடம் கிடைத்த சந்தோஷத்தில் அது இரண்டு மடங்காகியது. மூன்றாம் கிழமை வாகையின் இலைகள் கிண்ணம் மாதிரிச் சுருண்டன. நாலாம் கிழமை கொட்டத் தொடங்கின. முதலில் கொட்டியது மதிலுக்கு வெளிப்பக்கம்.

பேர்சி அங்கிளின் வாங்கில் இப்போது வெயில் வந்து இருந்தது. நிழலுக்கு ஒரு படங்கு கட்டிப் பார்த்தார். வாவிக் காற்று அதைக் கொண்டுபோய் வீதியில் போட்டது. அவருடைய மனைவி குவெண்டலின் அன்ரி குடையைக் கொண்டுவந்து அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிள் ஒரு நட்டைக் கழற்றினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார், அடுத்த நட்டைக் கழற்றினார்.

"காணும் பேர்சி, எழும்புங்க. வீட்ட போவம்."

"வீட்ட போய்? உன்ட தையல் மெஷினுக்கு ப்ளக் மாத்தவா?"

இந்த நிலையில்தான் அறிவித்தல் பலகையில் அந்தக் கடிதம் ஒட்டப்பட்டது. சொல்லுக்குச் சொல் தருகிறேன்:

'கோரையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு இரண்டாம் தடவை மருந்து விசிறப்படவுள்ளது. இதனால் மரம் இல. 1 இற்குப் பாதிப்பு ஏற்படலாம் என வட்டை விதானை தெரிவித்துள்ளார். எனவே, மரத்துக்கு எவ்வித பாதிப்பும் ஏற்படாதிருக்க, மருந்து விசிற முன்னர் மரம் அகற்றப்படும். திகதி: எதிர்வரும் வெள்ளிக்கிழமை.'

நான் மூன்று தரம் வாசித்தேன். ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மரமே இல்லையென்றால் மரத்துக்கு என்ன பாதிப்பு?

செவ்வாய்க்கிழமை வினாயகமூர்த்தி ஐயா நட்டஈட்டு விஷயமாகத் திரும்ப வந்தார். நேரே மரத்தடிக்குப் போய் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"சாகல்ல சேர். மருந்த நிப்பாட்டி, தண்ணி விட்டு, கோரையக் கையால பிடுங்கினா மாரிக்குத் துளிர்க்கும்."

"கால் ஏக்கர யார் கையால பிடுங்கிற? அதுக்கு ஆளணி இல்ல."

எனக்கு வாய் சும்மா இருக்காது. விறாந்தையில் இருந்தபடி கேட்டேன்: "அப்ப முந்தி யார் சேர் பிடுங்கின?"

சேர் திரும்பிப் பார்த்தார். "முந்தியா? முந்தி இஞ்ச களையே இருக்கல்லையே."

"சனம்தான் பிடுங்கின" என்றார் நஸீபா மிஸ் யன்னலுக்குள் இருந்து.

"எந்தச் சனம்?"

"காத்திருக்கிற சனம். பதினொரு வருஷமாப் பாத்துக்கொண்டுதானே இருக்கன். இருந்த இடத்தில யாருக்கும் கை சும்மா இருக்காது சேர். எங்களப் பேசிப் பேசிப் பக்கத்தில கிடக்கிறதப் பிடுங்குவாங்க. காணிப் பெர்மிட்காரர் வாற செவ்வாய்க்கிழமைதான் முத்தம் நல்லாத் துப்புரவாகும். அவங்களத்தான் நாம கனநேரம் இருத்தி வச்சிருக்கிற. கதிரை வந்துது, மெஷின் வந்துது, மறுகா களை வந்துது."

நான் என் விரல்களைப் பார்த்தேன். உண்மைதான். நானும் பிடுங்கியிருக்கிறேன். கோபம் வந்த நாட்களில் வேரோடு.

"அது முறைசாராச் செயற்பாடு" என்றார் சேர். "கோவையில இடமில்ல."

"இருக்கு சேர்" என்றார் வினாயகமூர்த்தி ஐயா. "வட்டையில களையெடுக்கிற முறையத் தீர்மானிக்கிறது கூட்டம். கூட்டத்தக் கூட்டச் சொல்லிக் கேக்கிறது விதானை. உங்கட கோவைதான். நான் கேக்கன்."

சேர் கோவையைப் புரட்டினார். அது அப்படித்தான் சொன்னது.

வியாழக்கிழமை, மரம் தறிக்க ஒரு நாள் இருக்க, கூட்டம் கூடியது. நாற்பத்து மூன்று பேர். மருந்து வேண்டாம், கையால் பிடுங்குவோம், கயிற்றை அவிழ்த்து எங்களைப் புல்லில் இருக்க விடுங்கள் என்று விதானை பிரேரித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது நஸீபா மிஸ் கணக்குப் பார்த்தார்.

"இப்ப ஆளுக்கு இருபது நிமிஷம்தான் காத்திருக்காங்க சேர். அதுக்குள்ள ஒரு ஆள் நாலு கோரைக்கு மேல பிடுங்க ஏலா. கால் ஏக்கருக்கு, ஆளுக்கு மூண்டு மணித்தியாலமாவது இருக்கணும்."

"அப்ப அந்த மெஷின நிப்பாட்டணும்" என்றார் சேர்.

எல்லோரும் மெஷினைப் பார்த்தோம். அது 'டிங்' என்றது. பிறகு மதில் பக்கம் பார்த்தோம். பேர்சி அங்கிள் தலையில் ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் குடையோடு அன்ரி. அங்கிளுடைய முகம் அவித்த நண்டு மாதிரிச் சிவந்திருந்தது.

"ப்ளீஸ்" என்றார்.

அவ்வளவுதான். நாற்பத்து மூன்று கையும் உயர்ந்தது. மகஜரை நான்தான் எழுதினேன்: 'மேற்படி மரத்தின் நலன் கருதி, பொதுமக்களாகிய எமது அலுவல்களை ஆகக் குறைந்தது மூன்று மணித்தியாலங்களாவது தாமதித்து நிறைவேற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கின்றோம்.' நாற்பத்திரண்டு கையெழுத்து, ஒரு கைநாட்டு.

பொதுமக்களின் கோரிக்கை ஒன்று அந்த அலுவலகத்தில் அன்றைக்கு அன்றே நிறைவேறியது அதுதான் முதல் தரம்.

மெஷினைத் துணி போட்டு மூடினார்கள். நாங்கள் புல்லில் இருந்தோம். பிடுங்கினோம். பேர்சி அங்கிள் மதிலுக்கு மேலால் குழாய் விட்டுத் தண்ணி ஊற்றினார். கோடை முழுக்க அப்படிப் போனது. கார்த்திகை மழைக்கு வாகை துளிர்த்தது, வெளிப்பக்கம் உட்பட. அங்கிள் துவாயைக் கழற்றிக் கொடியில் போட்டார். அடுத்த வருஷப் போட்டியில் 'இரசாயனமற்ற, மக்கள் பங்கேற்புடனான களை முகாமைத்துவம்' என்ற பிரிவில் அலுவலகத்துக்கு முதலிடம். விருதை வாங்கியது சேர். படத்தில் முன்னால் சேர், பின்னால் புல், இந்த முறை புல்லில் நாங்களும்.

மற்ற அலுவலகங்களில் இருந்து பழக வந்தார்கள். சனத்தை மூன்று மணித்தியாலம் எப்படி இருத்தி வைப்பது என்று சேர் விளக்கினார்: முதலில் ஒரு தேத்தண்ணி, பிறகு கூட்டம், பிறகு சீல் காணாமல் போவது. அவர்கள் குறிப்பெடுக்கவில்லை. அதெல்லாம் அவர்களுக்கு முந்தியே தெரிந்திருந்தது.

போன கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பெரியகல்லாற்றில் இருந்து சுலோஜனா என்று ஒரு அக்கா வந்தார். ஒரு கடிதத்துக்கு ஒரு கையெழுத்து. வந்து ஐந்து நிமிஷம் இல்லை, நஸீபா மிஸ் மறதியில் "சுலோஜனா, உங்கட ரெடி" என்று கூப்பிட்டுவிட்டார். அந்த அக்கா சந்தோஷமாக எழும்பினார்.

"எங்ககா போறாய்?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"கடிதம் ரெடியாம். பிள்ளைய ஸ்கூலால எடுக்கணும்."

"எங்களுக்கும்தான் பிள்ளையள் இருக்கு. நாங்க இருக்கல்லையா?"

"இப்பிடி ஆளுக்காள் சுறுக்கா எடுத்துக்கொண்டு போனா அந்த மரம் என்னாகிற?"

மதிலுக்கு மேலால் பேர்சி அங்கிளின் தலை தெரிந்தது. "மகள், குறை நினைக்காதீங்க. இன்னும் ஒரு ரெண்டரை மணித்தியாலம். ப்ளீஸ்."

"மனசாட்சி இல்லையா அக்கா? மரத்தக் கொல்லப் பாக்கிறீங்களா?" என்று ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலால் கேட்டது. அது என்னுடையது.

அந்த அக்கா சுற்றிப் பார்த்தார். இருந்தார். நஸீபா மிஸ் கையெழுத்து வைத்த கடிதத்தை லாச்சிக்குள் திரும்ப வைத்துப் பூட்டினார். கொஞ்ச நேரம் போக அக்காவின் கை தானாக நீண்டு, பக்கத்தில் நின்ற கோரையை மேலால் பிய்த்தது.

நான் கிட்டப் போய் இருந்தேன்.

"அப்பிடி இல்ல அக்கா" என்று சொல்லிக் கொடுத்தேன். "கிழங்கோட இழுக்கணும்."